வினோதினியின் குப்பைப் பட்டியல்

ஒன்பதாம் ஆண்டில் படித்த ஒரு பிள்ளை செய்யாத குற்றத்தை நான் அவள்மேல் சுமத்தினேன். காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சுமத்தினேன். பதினாறு நாட்களின் பின் குற்றவாளி யாரென்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தபின்னும் வாயைத் திறக்கவில்லை. புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பயன்படும் என்று நினைக்கிறேன். அதனால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாடசாலை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், அந்த வாவியை முதுகில் வைத்துக்கொண்டு இருந்தது. பின்வேலியைத் தாண்டினால் கண்டல் மரங்கள், அதற்கப்பால் தண்ணீர். ஊரவர்கள் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்பார்கள். நான் மட்டக்களப்பு நகரத்தில் இருந்து பஸ்ஸில் போய் வருகிறவன். விஞ்ஞானம் கற்பித்தேன், சுற்றாடல் கழகத்துக்கும் பொறுப்பாக இருந்தேன். சோற்றுப் பார்சல் சுற்றும் மெல்லிய பொலித்தீன் தாளுக்கு, நாங்கள் லஞ்சீற் என்று சொல்வதற்கு, தடை வந்திருந்த காலம். தடை வந்தது, தாள் போகவில்லை. கடைகளில் முன்பு மேசைக்கு மேலே இருந்தது கீழே போனது, அவ்வளவுதான்.

அந்த வருடம் எங்கள் பாடசாலையைப் பார்க்க ஒரு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. கழிவு குறைந்த பாடசாலை என்று ஒரு சான்றிதழ். சிறிய பாடசாலை அது. நகரத்துப் பாடசாலைகள் வாங்கும் எதையும் நாங்கள் வாங்கியதில்லை. எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும் போலிருந்தது. பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது நான் கொடுத்த வீட்டுவேலைகளில் ஒன்றை இன்றும் நல்ல வேலை என்றே சொல்வேன். ஒரு கிழமைக்கு உங்கள் வீட்டில் வாங்கியவை என்ன, எறிந்தவை என்ன, எறிந்ததில் எதை வாங்காமலே விட்டிருக்கலாம் என்று எழுதிவரச் சொன்னேன். "பொய் எழுத வேண்டாம். இதுக்குப் புள்ளியும் இல்ல, தண்டனையும் இல்ல" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

முப்பத்தைந்து கொப்பிகள் வந்தன. முப்பத்துநான்கில் வாழைப்பழத் தோல், பிழிந்த தேங்காய்ப்பூ, முருங்கைக் காம்பு, மீன் செதில். எல்லா வீடும் ஒரே கறி சமைத்து ஒரே குப்பை போட்டது போலிருந்தது. சோப்புறை இல்லை, பிஸ்கட் உறை இல்லை, சம்பூப் பைக்கற் இல்லை. கடைச் சாமான் ஒன்றும் நுழையாத வீடுகள். சேருக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். நான் எல்லாவற்றிலும் 'நன்று' என்று எழுதினேன்.

ஒரே ஒரு கொப்பியில் வேறு மாதிரி இருந்தது. வினோதினியின் கொப்பி. கழகத் தலைவியும் அவள்தான். தாயார் வட்டையில், அதாவது வயல்வெளியில், வேலை செய்பவர்களுக்குச் சோற்றுப் பார்சல் கட்டி அனுப்புகிறவர். வேளாண்மை வெட்டுக் காலம், நாளுக்கு முப்பது நாற்பது பார்சல் போகும். லஞ்சீற் எத்தனை, கடதாசி எத்தனை, மிஞ்சி மாட்டுக்குப் போன சோறு எவ்வளவு என்று நாள்நாளாக எழுதியிருந்தாள். கடைசியில் என்னிடம் ஒரு கேள்வி: "லஞ்சீற் இல்லாமல் வட்டைக்குச் சோறு அனுப்ப வழி உண்டா? அம்மா கேட்கச் சொன்னா."

அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. நேரமில்லை என்று நினைத்தேன். இன்று யோசித்தால், நான் அந்த வருடம் கற்பித்த முழுப் பாடத்திலும் உண்மையாக நடந்தது அந்த ஒரு வரிதான்.

அடுத்த கிழமை பின்வேலிக்கு வெளியே கண்டல் வேர்களில் லஞ்சீற்றுகள் சிக்கிக் கிடந்ததைக் கண்டேன். ஒன்றிரண்டல்ல. இழுத்தால் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நீர்க்காகங்கள் இருக்கும் கிளைகளுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தன. குழு வருவதற்கு மூன்று கிழமைகூட இல்லை.

அன்றிலிருந்து எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். காலையில் வாசலில் மாணவத் தலைவர்களை நிறுத்திப் பைகளைத் திறந்து பார்க்கச் செய்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் கூடியது. யாரோ என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறார்கள் என்று நினைத்தேன். இடைவேளையில் வேலியோரம் போகிற பிள்ளைகளின் கைகளைப் பார்த்தேன். வாய் பொத்திச் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று எண்ணினேன். இரண்டு பிள்ளைகள் வந்து மூன்றாவது பிள்ளையைப் பற்றி என் காதுக்குள் சொன்னார்கள். அந்த மூன்றாவது பிள்ளை மறுநாள் வந்து அந்த இருவரையும் பற்றிச் சொன்னது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். சுற்றாடல் கழகம் என்று தொடங்கியதைப் பொலிஸ் நிலையமாக்கிவிட்டதை அப்போது நான் உணரவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். வாசலில் பிள்ளைகளின் பைகளை மட்டும்தான் திறந்தோம். ஆசிரியர்களின் பைகளை யார் திறப்பது?

அப்போதுதான் அந்தக் கொப்பி நினைவுக்கு வந்தது. லஞ்சீற் என்று எழுதிய ஒரே கொப்பி. தாயார் பார்சல் கட்டுகிறார். பிள்ளை வாவிக்கரை வழியாக நடந்து வருகிறாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. அவ்வளவு இலேசாகப் பொருந்தியபோதே நான் பயந்திருக்க வேண்டும். மகிழ்ச்சியடைந்தேன்.

ஆசிரியர் அறையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை ஒருவர் இருந்தார், என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். கொப்பியை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தார்.

"புள்ள உண்மை எழுதியிருக்கு" என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றன் ரீச்சர். இதுதான் ஆதாரம்."

"ஆதாரமா? நீங்க கேட்டீங்க, அது எழுதிச்சு. இத வச்சுப் புள்ளையப் புடிச்சா இனி ஒரு புள்ளையும் உங்களுக்கு உண்மை எழுதாது சேர்."

"அப்ப ஆத்துக்க கிடக்கிறது?"

"அது வேற. அதத் தேடுங்க. இத விடுங்க."

அவர் அந்த ஊர்க்காரர். ஊர்ப்பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறார் என்று எண்ணினேன். எனக்கு அன்று கிடைத்த ஒரே நல்ல புத்திமதியை அந்த ஒரு சந்தேகத்தால் தட்டிவிட்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் வினோதினியை முன்னால் கூப்பிட்டேன். அவளுடைய பட்டியலை உரத்து வாசித்தேன். திங்கள் முப்பத்திரண்டு லஞ்சீற், செவ்வாய் முப்பத்தாறு. பிள்ளைகள் சிரித்தார்கள். "கழகத் தலைவி வீட்டுக் குப்பை நம்மட ஆத்துக்க" என்று சொன்னேன். அவளுடைய சட்டையில் குத்தியிருந்த பச்சைச் சின்னத்தை என் கையாலேயே கழற்றினேன்.

அவள் ஒன்றுதான் சொன்னாள். "எங்கட அம்மா ஆத்துக்க போடுறல்ல சேர். கிடங்கு வெட்டி மண்ணுக்குள்ள தாக்கிற."

"கிடங்குக்க தாட்டது நடந்து வந்ததா?" என்றேன். மீண்டும் சிரித்தார்கள். பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது எனக்கு எப்போதும் இலேசாக வரும். அது நல்ல குணம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தாயாரையும் அழைப்பித்தோம். மற்றப் பெற்றோர்கள் இருக்கும்போது, சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டார். "இனி நடவாது சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். செய்யாததற்கு ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொண்டார் என்றே எடுத்துக்கொண்டேன்.

குழு வருவதற்கு முதல்நாள் பின்னேரம் வேலிக்கு வெளியே தனியாகப் போய்ப் பார்த்தேன். கழகப் பிள்ளைகள் எல்லாவற்றையும் பொறுக்கியிருந்தார்கள். ஆனால் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வளவுக்குள் இருந்து வாவிப் பக்கம் வீசும் காற்று. வேர்களில் புதிதாக நாலைந்து சிக்கியிருந்தன. குனிந்து ஒன்றை எடுத்தேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. சாப்பிட்டு முடிந்ததும் லஞ்சீற்றை நீளவாக்கில் மூன்றாக மடித்து, ஒரு முனையை மற்ற முனைக்குள் செருகிக் கடித உறை மாதிரி ஆக்கிவிடுவேன். கறிவேப்பிலையும் மீன் முள்ளும் உள்ளே இருக்கும், வெளியே சிந்தாது. என் மனைவி "ஆருக்குக் கடிதம் போடுறீங்க?" என்று பகிடி பண்ணுவாள். வேறு யாரும் அப்படி மடித்து நான் கண்டதில்லை.

என் கையில் இருந்தது அந்தக் கடித உறை. செருகிய முனை கழன்றிருக்கவுமில்லை. பக்கத்தில் இன்னொன்றும் கிடந்தது.

நகரத்தில் இருந்து வரும் ஆசிரியர்கள் எல்லோரும் பஸ் நிலையத்தடியில் பார்சல் வாங்கிக்கொண்டு வருவோம். தடை செய்யப்பட்ட தாள் என்று தெரிந்துதான். பிள்ளைகளுக்குப் பாடம், எங்களுக்குப் பசி. சாப்பிட்டதை அறை மூலையில் வைப்போம். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. குப்பையைப் பற்றி இருபத்தெட்டு வருடம் கற்பித்தவன், என் குப்பை எங்கே போகிறது என்று கேட்டதில்லை.

யோகம் என்கிற பெண் பாடசாலையைக் கூட்டித் துப்புரவாக்குகிறவர். அவரிடம் போய்க் கேட்டேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வாளிக்குள்ளயும் பொலித்தீன் இருக்கப்படாது எண்டு நீங்கதானே சேர் சொன்னீங்க. எரிக்கவும் வேணாம் எண்டீங்க. நான் உரப்பையில போட்டு வேலியோரம் வச்சு வெள்ளிக்கிழம வீட்ட கொண்டு போறன். நாய் இழுக்குது. காத்து மிச்சத்தப் பாக்குது."

"ஏன் முதலே சொல்லல்ல?"

"நீங்க கேட்கல்லயே சேர். புள்ளையளிட்டத்தான் கேட்டீங்க."

நான் சொன்னது இதுதான்: "நாளைக்கு ஆக்கள் வாறாங்க. அதுவரைக்கும் இத ஆருக்கும் சொல்ல வேணாம்." அதுவரைக்கும் என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார். எடுத்த லஞ்சீற்றைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த எண்ணெய்க் கறை கடைசிவரை போகவில்லை.

குழு வந்தது. வாளிகளைப் பார்த்தது, வேலியைப் பார்த்தது, பசளைக் குழியைப் பார்த்தது. ஒன்பதாம் வகுப்புக்குள் வந்து, எந்த ஏற்பாடுமில்லாமல், பின்வரிசையில் இருந்த வினோதினியை எழுப்பினார்கள்.

"மகள், உங்கட வீட்டுல கூட எறியிறது என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சேருக்கு எந்த விடை வேண்டும் என்று கேட்பது போல் பார்த்தாள்.

"வாழைப்பழத் தோல்" என்றாள்.

"நல்லம்" என்று சொல்லிக் குழுவில் வந்தவர் எழுதிக்கொண்டார். எங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதிபரின் அறையில் மாட்டினார்கள். பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். தவணை முடியட்டும் என்றேன். வருடம் முடியட்டும் என்றேன். அடுத்த வருடம் அதே வீட்டுவேலையைக் கொடுத்தபோது முப்பத்தாறு கொப்பிகளில் முப்பத்தாறு வாழைப்பழத் தோல். அந்த மூத்த ஆசிரியை சொன்னது அப்படியே நடந்தது. நான் ஓய்வு பெறும்வரை ஒரு பிள்ளையும் எனக்கு உண்மையான குப்பையைக் காட்டவில்லை.

ஓய்வு பெற்ற மறு வருடம் புதிய ஆசிரியர்களுக்கான ஒரு கருத்தரங்கில் பேச அழைத்தார்கள். அளவாக வாங்குவது, வீணாக்காமல் பாவிப்பது பற்றி எப்படிக் கற்பிப்பது என்று தலைப்பு. ஓர் இளம் ஆசிரியை எழுந்து, "பிள்ளைகளை உண்மை எழுத வைக்கிறது எப்படி சேர்?" என்று கேட்டார். நான் சாதுரியமாக ஏதோ சொன்னேன். கை தட்டினார்கள். அடுத்த கிழமை பஸ் ஏறிப் படுவான்கரைக்குப் போனேன்.

வினோதினி வீட்டு முற்றத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டுவிட்டுத் தாயாரோடு சமையலில் நிற்கிறாள் என்று பஸ்ஸிலேயே ஒருவர் சொல்லியிருந்தார். கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன், லஞ்சீற் என்னுடையது என்று.

கத்தியை வைக்காமலே, "தெரியும் சேர்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். கூட்டம் முடிஞ்ச அண்டைக்குப் பின்னேரம் போய்ப் பாத்தன். கடிதம் மாதிரி மடிச்சுக் கிடந்திச்சு. ஸ்ராவ் றூமுக்குத் தண்ணி கொண்டு வாற நான்தானே."

"அப்ப ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லல்ல?"

"ஆரிட்டச் சொல்லுற? அப்பிடி ஒண்டு நடந்தா உங்களிட்டத்தானே சொல்லணும்."

அவள் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"அம்மாட்டச் சொன்னன் சேர். சேர்மார் பொய் சொல்லுவாங்களா எண்டு எனக்குத்தான் அடிச்சா. இன்னும் தன்ட லஞ்சீற்தான் எண்டு நினைச்சிட்டிருக்கா. எனக்குச் சொல்லி வேலையில்ல. அவக்குச் சொல்லுங்க."

தாயார் குசினிக்குள் இருந்து வந்தார். நான் திரும்பவும் முதலில் இருந்து சொன்னேன். கேட்டு முடிந்ததும் என் கைகளைப் பார்த்தார், கடதாசி ஏதும் இருக்கிறதா என்று.

"இப்ப என்னத்துக்கு வந்து சொல்றீங்க? கையெழுத்து ஏதும் வேணுமா?"

"இல்ல."

"ஆரும் உங்களுக்கு மேல பெட்டிசன் போட்டிருக்காங்களா?"

"இல்லம்மா."

"அப்ப சாகப்போறீங்களா?"

"அப்பிடி டொக்டர் ஒண்டும் சொல்லல்ல."

வினோதினி வெங்காயத்தின் மேல் குனிந்து சிரித்தாள். தாயார் சிரிக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு லஞ்சீற் வாங்குவதை நிறுத்தினாராம். மூடி போட்ட சாப்பாட்டுப் பெட்டிகள் வாங்கி, வட்டைக்குப் போகிறவர்களிடம் கொடுத்துத் திரும்ப எடுத்தாராம். பாதிப் பெட்டிகள் திரும்பி வரவில்லை. "ஆத்துக்க குப்ப போட்ட வீடு" என்று சொல்லி ஆட்களும் வேறு வீட்டில் சாப்பாடு எடுக்கப் போனார்கள். இரண்டு போகம் இருபது பேருக்குக்கூடச் சமைக்கவில்லை. மகள் கேட்ட கேள்விக்கு நான் எழுதாத பதிலை அவர் தன் செலவில் கண்டுபிடித்திருக்கிறார்.

"எனக்கு மட்டும் சொன்னாக் காணாது சேர்" என்றார். "எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

அதிபர் புதியவர். அவருக்கும் என்மேல் சந்தேகம்தான். "ஆர் உங்களை அனுப்பினது?" என்று இரண்டு தரம் கேட்டார். சான்றிதழைக் கழற்றச் சொன்னேன். கழற்ற மாட்டேன் என்றார், பாடசாலையின் பெயர் என்றார். கடைசியில் காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச விட்டார். அதே மேடை. முன்வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியாது. ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வினோதினியின் பெயரைச் சொன்னேன், லஞ்சீற் என்னுடையது என்று சொன்னேன், யோகத்தைப் பேசாமல் இருக்கச் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். சிலர் கொட்டாவி விட்டார்கள். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்கிற பார்வை. முன்பு நான் பார்த்த பார்வைதான்.

யோகம் கூட்டம் முடியும்வரை நடைபாதையில் நின்றார். இறங்கி வந்தபோது, "எல்லாத்தையும் சொல்லிட்டீங்க சேர்" என்றார். "அந்த லஞ்சீற்றப் பத்தி ஆரும் கேட்டா இனி எனக்கு மறதி எண்டு சொல்லத் தேவையில்ல."

இந்த இடத்தில் நீங்கள் என்னிடம் ஒரு முறையை எதிர்பார்க்கலாம். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பிள்ளை உங்களிடம் காட்டுகிற குப்பையை அந்தப் பிள்ளைக்கு எதிராக எடுக்காதீர்கள். எல்லாக் கொப்பியும் சுத்தமாக வந்தால் உங்களைச் சந்தேகப்படுங்கள். வாசலில் பை திறப்பதாக இருந்தால் உங்களுடையதை முதலில் திறந்து காட்டுங்கள்.

கூட்டத்துக்கு வினோதினியும் தாயாரும் வரவில்லை. சொல்லிவிட்டேன் என்று சொல்ல அவர்கள் வீட்டுக்கு நடந்து போனேன். செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. தாயார் முழுதும் கேட்கவில்லை. ஒரு பெட்டியில் சோறும் கணவாய்க் கறியும் போட்டு மூடி நீட்டினார்.

"பஸ்ஸில போய்ச் சாப்பிடுங்க. பெட்டியத் திருப்பித் தரணும். கொண்டு போற ஆக்கள் தாறதில்ல."

மறுநாள் அந்தப் பெட்டியைக் கொடுக்க மட்டும் பஸ் ஏறினேன். கழுவித் துடைத்துக் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கி, மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். மணந்து பார்த்தார். கவிழ்த்து அடியையும் பார்த்தார். நான் முற்றத்தில் நின்று, அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.